வைத்த பிழை

காலை ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். அலாரம் ஆறு மணிக்கு. அது அடிக்கும்போது பல் தேய்த்து முடித்திருப்பேன். பால் பாக்கெட்டை வெட்டிப் பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைக்கிறேன். அது பொங்குவதற்குள் பால்கனிக்குப் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். மூன்று தொட்டிகள். பெரிய செடிக்கு ஒரு டம்ளர். சின்னதுக்கு அரை டம்ளர். மூன்றாவது பிளாஸ்டிக் செடி. அதற்கும் ஒரு டம்ளர். என் மனைவி அப்படித்தான் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குள் போனாள். எட்டு மாதமாக ஊற்றுகிறேன். தண்ணீர் அடி ஓட்டை வழியாக இறங்கித் தட்டில் நிற்கும். தட்டைக் கவிழ்த்துவிட்டு உள்ளே வருவேன். ஒரு டீ, இரண்டு துண்டு ரொட்டி. ஏழரைக்குக் கிளம்பிவிடுவேன்.

தராசுகளைச் சோதிப்பது என் வேலை. கடை கடையாகப் போய், எடை தெரிந்த கல்லைத் தட்டில் வைத்து, தராசு உண்மை சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். இயற்பியல் படித்தவனுக்குக் கிடைத்த வேலை. அதிகம் பேசத் தேவையில்லை. அதனால் ஒத்துப்போகிறது.

ஒரு திங்கட்கிழமை கதவைத் திறந்தபோது படிக்கட்டில் சலவைக்கடை அக்கா உட்கார்ந்திருந்தார். தெருமுனைக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கடை. எங்கள் தெருவில் பாதிப் பேரின் துணி அங்கேதான் சுழல்கிறது.

"மணி அடிக்கலாம்ல அக்கா?"

"அடிச்சா நீ திறக்க மாட்டேன்னு சொன்னாங்க. எப்படியும் ஏழரைக்கு வெளிய வருவேல்ல? அதான் உக்காந்துட்டேன்."

உள்ளே வரச் சொன்னேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு காகிதத்தின் நகலை எடுத்து மேசையில் வைத்தார். அடியில் என் கையெழுத்து. சாட்சி என்ற இடத்தில்.

"வியாழக்கிழமை விசாரணை தம்பி. நீ வரணும்."

கட்டடத்தின் சொந்தக்காரர், எல்லோரும் பெரியவர் என்று கூப்பிடுகிறவர், போன வருஷம் இறந்துபோனார். கட்டடம் மகன் கைக்கு வந்தது. மகன் அக்காவைக் காலி செய்யச் சொல்கிறார். ஏழு வருஷத்துக்குக் கடை அக்காவுக்கு என்று பெரியவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருக்கிறது. மூன்று வருஷம்தான் முடிந்திருக்கிறது. அந்த ஒப்பந்தமே செல்லாது என்கிறார் மகன்.

"ஆறு மெஷினையும் தரையில சிமென்ட் போட்டு இறக்கியிருக்கேன். தலையில தூக்கி வச்சுக்கிட்டா போக முடியும்? அங்கிருந்து கிளப்பினா அத்தோட என் கடை முடிஞ்சுது."

"ஏன் செல்லாதாம்?"

"அவங்கப்பா அப்ப நினைவா இல்லையாம். என்ன எழுதியிருக்குன்னே தெரியாமக் கையெழுத்துப் போட்டாராம். இன்னொன்னும் சொல்றாரு." கொஞ்சம் தயங்கினார். "பேப்பர்ல ஒரு இடத்துல அடிச்சுத் திருத்தியிருக்குல்ல? எழுதினவளுக்கே ஒழுங்கா எழுதத் தெரியலயாம். அப்படிப்பட்ட பேப்பரை எப்படி நம்புறதுன்னு கேக்கறாராம் அவங்க வக்கீல்."

நான் நின்றுகொண்டிருந்தேன். உட்கார்ந்தேன்.

"மாடி வீட்டுக்காரர்தான் இன்னொரு சாட்சி. அவர் ஊர் மாறிப் போயிட்டாரு, எங்கன்னு யாருக்கும் தெரியல. டீச்சர் இருந்தா உன்கிட்ட வந்திருக்க மாட்டேன்."

"எனக்கு எதுவும் ஞாபகம் இல்லக்கா."

"ஞாபகத்த வரவழை தம்பி. உனக்கென்ன எண்பது வயசா?"

டீச்சர் என்பது என் மனைவி. அவள் யாருக்கும் பாடம் எடுத்ததில்லை. ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில், இரண்டு நாற்காலி போட்டால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய அளவுக்கு ஓர் அறை. அங்கே உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பாள். சட்டம் படித்தவள். நீதிமன்றத்துக்குப் போனதில்லை. "சண்டை போடத் தெரியாது. சண்டை வராம எழுதத் தெரியும்" என்பாள். எழுதி முடித்ததும் வந்தவர்களைப் பார்த்து, "இப்ப உங்க வார்த்தையில திருப்பிச் சொல்லுங்க" என்பாள். சொல்ல முடியாமல் விழித்தவர்கள் வைத்த பெயர்தான் டீச்சர்.

எங்கள் கல்யாணப் பேச்சும் அப்படித்தான் நடந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்று, "கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று கேட்டேன். "பண்ணிக்கலாம். ஆனா வேலையை விட மாட்டேன்" என்றாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டுக்கு ஃபோன் போடப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"எங்க ஓடற? இன்னும் எதுவும் முடியல. நீ ஒண்ணு கேட்ட. நான் அதுல ஒரு நிபந்தனை சேத்தேன். அப்ப நீ கேட்டது போச்சு. இப்ப நான்தான் உன்னைக் கேட்டிருக்கேன். நீ சரின்னு சொன்னாத்தான் உண்டு."

"சரி" என்றேன்.

"எதுக்கு சரி? திருப்பிச் சொல்லு."

பேருந்து போய்விட்டது. நடந்தே வந்தோம்.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. அவளுடைய அலமாரியைத் திறந்தேன். எட்டு மாதமாகத் திறக்காதது. கோப்புகள், முத்திரை மை, மூடி இல்லாத பேனாக்கள். அடியில் நீளவாட்டில் ஒரு நோட்டு. கட்டம் போட்டு, சின்ன எழுத்தில், ஒரு வரிக்கு ஓர் ஒப்பந்தம். தேதி. யார், யார். இவர் என்ன தருகிறார், அவர் பதிலுக்கு என்ன தருகிறார். அடுத்த கட்டத்தில், 'எத்தனை முறை பார்த்தேன்'. கடைசியில் இரண்டு பத்திகள். அவற்றின் தலைப்பைப் பார்த்தபோது எனக்குப் புரியவில்லை. ஒன்றில் 'வைத்த பிழை' என்று இருந்தது. மற்றதில் 'கண்டவர்'.

பெரியவரின் வரியைத் தேடினேன். எத்தனை முறை பார்த்தேன் என்ற இடத்தில் மூன்று என்று இருந்தது.

அந்த மூன்று முறையும் ஸ்கூட்டரில் கூட்டிப்போனவன் நான். எரிச்சலோடு போனேன். எரிச்சல்தான் முதலில் ஞாபகம் வந்தது. அதன் பின்னால் மற்றவையும் ஒவ்வொன்றாக வந்தன.

முதல் முறை சாயங்காலம். பெரியவர் சாய்வு நாற்காலியில் கிடந்தார். முட்டி வலிக்கு மாத்திரை போட்டிருந்தார். கண் சொருகியது. எது கேட்டாலும், "ஆமாம்மா, எழுதும்மா" என்றார்.

"ஐயா, கடையோட சேத்து மாடியையும் அக்காவுக்கே எழுதிடலாமா?"

"எழுதிடும்மா."

"இந்த நாற்காலி?"

"அதையும் எழுதிடு."

என் மனைவி பையை மூடி எழுந்தாள். அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. "அவரே எழுதச் சொல்றாரே டீச்சர்!"

"அதனாலதான்க்கா எழுத மாட்டேன். இப்ப கையெழுத்துப் போடறது இவர் இல்ல, மாத்திரை. காலையில வர்றேன்."

இரண்டாவது முறை காலை எட்டு மணி. பெரியவர் சவரம் செய்து, மடிப்புக் கலையாத சட்டை போட்டு, வேறு மனிதராக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "இவன் யாரு, டிரைவரா?" என்றார்.

"புருஷன்."

"சம்பளம் தர்றியா?"

"சாப்பாடு மட்டும்தான் ஐயா."

அக்காவை வெளியே நிற்கச் சொன்னாள். எனக்கும் அதே இடம். ஜன்னல் வழியே கேட்டது. இந்த அம்மா உங்களை வற்புறுத்தினாங்களா, பயமுறுத்தினாங்களா, ஏதாவது பொய் சொல்லிக் கேக்கறாங்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பெரியவர் சிரித்தார். "என்னை யாரும்மா பயமுறுத்த முடியும்? என் பொண்டாட்டி நாப்பது வருஷம் முயற்சி பண்ணித் தோத்துட்டா."

பிறகு அக்காவை உள்ளே கூப்பிட்டு, பெரியவரை வெளியே அனுப்பி, அதே கேள்விகள். பெரியவருக்குக் கோபம். சொந்த வீட்டில் ஜன்னலுக்கு வெளியே என் பக்கத்தில் நின்று, "உன் பொண்டாட்டி சரியான ஆளு" என்றார். பாராட்டா, புகாரா தெரியவில்லை. நான் தலையாட்டினேன்.

அன்றுதான், இருவரையும் சேர்த்து உட்கார வைத்தபோது, சட்டை விஷயமும் வந்தது. பெரியவர் முதலில் வாடகையே வேண்டாம் என்றார். இந்தப் பொண்ணு சும்மா இருந்துக்கட்டும், கட்டடத்துல ஆள் நடமாட்டம் இருந்தாப் போதும் என்றார். அக்கா கும்பிட்டார். என் மனைவி பேனாவைக் கீழே வைத்தாள்.

"சும்மாக் கொடுத்தா அது அன்பு ஐயா. அன்புக்கு நான் பேப்பர் எழுதறதில்ல. நாளைக்கு மனசு மாறினா யாரும் கேக்க முடியாது. இவங்ககிட்டேருந்து ஏதாவது வாங்கிக்குங்க. அப்பத்தான் இவங்க தலை நிமிர்ந்து உங்க இடத்துல நிக்க முடியும்."

பெரியவர் யோசித்தார். சின்னதாக ஒரு வாடகை சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "வாரத்துக்கு மூணு சட்டை. துவைச்சு, நல்லா மடிப்பு நிக்கற மாதிரி தேச்சுத் தரணும். செவ்வாய்க்கிழமை வரணும்" என்றார். தன் மனைவி போன பிறகு அவருக்குக் குறையாக இருந்தது அதுதான் போலிருக்கிறது.

மூன்றாவது முறை, மறுநாள் காலை. தட்டச்சு செய்த காகிதம். மாடி வீட்டுக்காரரும் நானும் சாட்சி. என் மனைவி நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். எந்த இடம், எத்தனை அடிக்கு எத்தனை அடி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, தண்ணீர் யார் பொறுப்பு. அங்கே என்ன தொழில் நடக்கும், அது சட்டத்துக்கு உட்பட்டது. 'நாளை சண்டை வந்தால் நீதிமன்றத்தில் காட்டுவதற்கென்றே இதை இருவரும் மனதறிந்து எழுதிக்கொள்கிறோம்' என்றும் ஒரு வரி. "வாரத்துக்கு இரண்டு சட்டை" என்று வாசித்துவிட்டு நிமிர்ந்து பெரியவர் முகத்தைப் பார்த்தாள்.

பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். முட்டி வலிக்காரர். "ரெண்டா? யாரு ரெண்டுன்னு சொன்னது? மூணு! கொண்டா அந்தப் பேப்பரை!" காகிதத்தைப் பிடுங்கினார். அவள் கையிலிருந்த பேனாவையும் பிடுங்கினார். 'இரண்டு' என்பதைக் குறுக்கே அடித்து, நடுங்கும் கையால் 'மூன்று' என்று எழுதினார். "பக்கத்துல ஒரு கையெழுத்தும் போட்டுடுங்க ஐயா" என்றாள் இவள், ஒன்றும் தெரியாதவள் போல. போட்டார். அக்காவும் போட்டார். பிறகு அடியில் எல்லோரும்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் கிண்டல் செய்தேன். "டீச்சருக்கே தப்பு வருமா?"

என் தோளில் முகத்தை வைத்துச் சிரித்தாள். "ஆமாடா. வயசாகுதுல்ல?" அவளுக்கு அப்போது இருபத்தொன்பது.

நோட்டில் அந்த வரியின் கடைசியில் இப்படி இருந்தது. வைத்த பிழை: சட்டை இரண்டு. கண்டவர்: பெரியவர், உடனே. கோபத்தோடு.

'கோபத்தோடு' என்பதன் கீழே ஒரு கோடு இழுத்திருந்தாள்.

மற்ற வரிகளையும் வாசித்தேன். எல்லாவற்றிலும் ஒரு பிழை வைத்திருந்தாள். ஒரு சமையல்காரருக்கு விடுமுறை நாளை மாற்றி எழுதியிருந்தாள். கார் வாங்கியவருக்கு வண்டியின் நிறத்தை. கேட்பவருக்குக் கட்டாயம் உறைக்க வேண்டிய ஒன்று. கண்டுபிடித்தால் திருத்தி, கையெழுத்து. கண்டுபிடிக்காவிட்டால் அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கிறாள். 'யாரும் காணவில்லை. மறுபடி வரச் சொன்னேன்.' அப்படிப் பதினோரு இடங்கள். ஒரு வரியில் மட்டும், 'எழுத மறுத்தேன். இவர் கேட்பதைச் செய்தால் இவரும் உள்ளே போவார், நானும் உள்ளே போவேன்' என்று இருந்தது.

நான் தட்டில் கல்லை வைத்துத் தராசைச் சோதிக்கிறேன். அதையே அவள் மனிதர்களிடம் செய்துகொண்டிருந்தாள். ஆறு வருஷம் ஒரே வீட்டில் இருந்து எனக்குத் தெரியவில்லை. கடைச் சீட்டில் அவ்வப்போது, சோப்புக்கும் உப்புக்கும் நடுவில், 'குதிரை லாடம் நாலு' என்று எழுதியிருப்பாள். விளையாட்டு என்று நினைத்தேன். ஒரு முறை கடைக்காரரிடம் கேட்டும் இருக்கிறேன். இல்லை என்றார்.

வியாழக்கிழமை போனேன். வாடகை வழக்குகளை விசாரிக்கும் அலுவலகத்தின் இரண்டாவது மாடியில் ஓர் அறை. நீள மேசை, ஏழு நாற்காலி, சத்தம் போடும் மின்விசிறி. நடுவர் அம்மா கண்ணாடியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார். மகனுக்கு நாற்பது வயதிருக்கும். சாவிக்கொத்தை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய வக்கீல் ஒப்பந்தத்தைத் தூக்கிக் காட்டினார்.

"அம்மா, எண்பத்திரண்டு வயசுக்காரர். வலி மாத்திரையில இருந்தவர். தலையாட்டச் சொன்னா ஆட்டியிருப்பார். இந்த அடித்தலைப் பாருங்க, எவ்வளவு கோணல்! கையைப் பிடிச்சு எழுத வச்ச மாதிரி இருக்கு. அப்படி இல்லேன்னா, எழுதினவங்க அவ்வளவு கவனக்குறைவு. எப்படிப் பாத்தாலும் இதை நம்ப முடியாது."

நடுவர் என்னைப் பார்த்தார். நான் பார்த்ததைச் சொன்னேன். மாத்திரை, மறுநாள் காலை, ஜன்னல், சட்டை. ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. பல மாதங்களில் நான் தொடர்ந்து பேசியது அதுதான்.

வக்கீல் எழுந்தார். "மூணு வருஷத்துக்கு முந்தி நடந்தது. இவ்வளவு துல்லியமாவா ஞாபகம் இருக்கு?"

"திங்கட்கிழமை வரைக்கும் இல்ல. நானும் அதைத் தப்புன்னுதான் நினைச்சேன்." நோட்டை நீட்டினேன். "இது வேணும்னே வச்சது."

"ஒப்பந்தத்துல யாராவது வேணும்னே தப்பு வைப்பாங்களா சார்? அவர் பிடிக்காம விட்டிருந்தா?"

"கிழிச்சுப் போட்டிருப்பா. பதினோரு பேருக்குக் கிழிச்சிருக்கா. தேதி போட்டிருக்கு."

நடுவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஒரு பக்கம். அடுத்த பக்கம். அக்கா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார், எப்போது பிடித்தார் என்று தெரியவில்லை. நடுவர் திடீரென்று மகனைக் கேட்டார்.

"உங்கப்பாவுக்கு வாரா வாரம் சட்டை வந்துச்சா?"

"வரும். செவ்வாய்க்கிழமை."

"எத்தனை?"

"மூணு." சாவிக்கொத்து நின்றது. "ஒரு தடவை ரெண்டுதான் வந்துச்சுன்னு எனக்கு ஃபோன் பண்ணி அரை மணி நேரம் கத்தினார். நான் வேற ஊர்ல வேலையில இருக்கேன், எனக்கும் உங்க சட்டைக்கும் என்னப்பா சம்பந்தம்னேன். 'எழுதிக் கொடுத்திருக்காடா, என் கையால திருத்தி வாங்கியிருக்கேன்'னார்."

வக்கீல் அவர் முழங்கையைத் தொட்டார். தொட்டதற்குப் பிறகுதான் மகனுக்குத் தான் சொன்னது விளங்கியது. ஆனால் அவர் முகத்தில் கோபம் இல்லை. அப்பாவின் குரல் காதில் விழுந்ததுபோல் உட்கார்ந்திருந்தார்.

நடுவர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் செல்லும். மீதி நான்கு வருஷமும் கடை அங்கேதான். "ஒருத்தர் புரிஞ்சுதான் கையெழுத்துப் போட்டாரான்னு ஒவ்வொரு தடவையும் நாங்க மண்டையை உடைச்சுக்கறோம். இவங்க அதைப் பேப்பர்லயே கட்டி வச்சிருக்காங்க" என்றார். நோட்டைத் திருப்பித் தரும்போது கேட்டார், "இந்தப் பக்கத்தை ஒரு காப்பி எடுத்துக்கலாமா? ஃபைலுக்கு இல்ல. எனக்கு."

எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

படியிறங்கும்போது மகன் பின்னாலேயே வந்தார். அக்கா பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் தரையைப் பார்த்தபடி, "அப்பா சட்டை ஏதாவது உங்க கடையில இருக்காம்மா?" என்றார்.

"மூணு இருக்கு. அவர் தவறின வாரத்துது. தேச்சு வச்சேன், வாங்க ஆள் வரல. இப்பவும் மடிப்புக் கலையாமத்தான் இருக்கு. வந்து எடுத்துட்டுப் போங்க."

தெருவில் அக்கா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "எதுவும் ஞாபகம் இல்லேன்னியே கள்ளப்பயலே! டீச்சரே வந்து பேசின மாதிரி இருந்துச்சு" என்றார். பிறகு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அவருக்குக் கைக்குட்டை கொடுத்தேன். துவைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பாலை அடுப்பில் வைத்தேன். பெரிய செடிக்கு ஒரு டம்ளர். சின்னதுக்கு அரை டம்ளர். பிளாஸ்டிக் செடிக்கு முன்னால் டம்ளரோடு நின்றேன்.

பால் பொங்கி வழிந்த வாசனை வந்தது. போகவில்லை.

என் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். 'இவரைப் பாத்துக்குங்கம்மா' என்று சொல்லிவிட்டுத்தான் என் மகள் உள்ளே போனாள் என்பார். கேட்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவன் நான்.

அன்று அறுவைக்கு முன்னால் சம்மதப் படிவத்தை இருபது நிமிஷம் வாசித்தாள். நர்ஸ், "எல்லாரும் நேரா கடைசிப் பக்கத்துக்குப் போயிடுவாங்க மேடம்" என்றார். "எனக்கு முதல் பக்கம்தான் பிடிக்கும்" என்றாள். படித்து முடித்து, என்ன செய்யப் போகிறார்கள், எது நடக்கலாம், எது நடக்காமல் போகலாம் என்று மூன்றே வாக்கியத்தில் நர்ஸிடம் திருப்பிச் சொன்னாள். எல்லாம் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

தள்ளுவண்டியில் படுக்க வைத்தார்கள். நான் கூடவே நடந்தேன். சிலிண்டரை மூடு, பேப்பர்காரனுக்குச் சொல்லு என்று ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தாள். நான் வண்டியின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது. பெரிய செடிக்கு ஒரு டம்ளர், சின்னதுக்கு அரை டம்ளர், பிளாஸ்டிக் செடிக்கு ஒரு டம்ளர் என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இரண்டு சட்டை என்று வாசித்துவிட்டுப் பெரியவரைப் பார்த்த அதே பார்வை.

"சரி" என்றேன்.

அவளுடைய நோட்டின்படி அந்தச் 'சரி' செல்லாது. காகிதத்தைக் கிழித்துப் போட்டு மறுபடி வரச் சொல்லியிருப்பாள். இருந்தாலும் டம்ளரைச் சாய்த்தேன். தண்ணீர் இலைகளில் பட்டு இறங்கித் தட்டில் நின்றது.

அன்று அறுவை அறையின் கதவு திறந்தது. நர்ஸ் என்னை அங்கேயே நிற்கச் சொன்னார். வண்டி உள்ளே போகும்போது அவள் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள். வீட்டில் என்னை நீ, வா, போ என்பவள். அன்று, தன் இரண்டு நாற்காலி அறையில் வருகிறவர்களிடம் பேசும் குரலில், சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

"திருப்பிச் சொல்லுங்க சார், பாப்போம்."